அண்ணன்காரனச் சாகடிச்சுட்டா அவன் திருந்துன மாதிரி ஆயிருமா?

கேள்வி கேட்டது உடுமலைப் பக்கத்துத் தம்பி ஒருத்தரு. ஃபேண்டஸி நாவல் எழுதிட்டு இருக்காராம், நொய்யல் கரையில கல்லுமணி பட்டை தீட்டற ஒரு பழைய ஊரு, கொடுமணல மனசுல வெச்சுத்தான் எழுதறேங்கறாரு. அதுல அண்ணன்காரன் ஒரு மந்திரக் கல்லுக்கு ஆசைப்பட்டு ராத்திரியோட ராத்திரியா கோட்டைக் கதவத் தொறந்து உட்டுடறான், ஊரே எரியுது, கடைசி அத்தியாயத்துல தம்பிக்கு வர்ற ஈட்டியக் குறுக்க வுழுந்து வாங்கிட்டுச் செத்துப் போறான். "இது போதுமாண்ணா, படிக்கறவங்க இவன மன்னிப்பாங்களா? லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல போரோமிர எல்லாரும் மன்னிச்சுடறாங்க, ஹாரி பாட்டர்ல ஸ்நேப்புக்கு மட்டும் ஏன் இன்னும் அடிச்சுக்கறாங்க?" இதுதான் கேள்வி. கூடவே மொத நாலு அத்தியாயமும் அனுப்பியிருந்தாரு, படிச்சேன், நாலாவது நெம்ப நல்லாருக்குது.

சுருக்கமா பதில் வேணும்னா, போதாதுங்க தம்பி. நீட்டமா வேணும்னா உக்காருங்க, நான் பழமை பேச ஆரம்பிச்சா பொழுதோட போயிரும்.

மொதல்ல போரோமிர். நம்மாளுங்க முக்காவாசிப் பேரு 2001ல வந்த படத்துலதான் பாத்திருப்போம், அம்பு மேல அம்பு வாங்கிட்டும் எந்திரிச்சு நின்னு சண்டை போடுவான், நானும் அழுதேன், இல்லீங்கல. ஆனா டோல்கீன் புஸ்தகத்துல அது ரெண்டு பாகமா ஒடஞ்சு கெடக்குது. 1954 ஜூலைல வந்த மொத பாகத்தோட கடைசீல, மந்திர மோதிரத்தச் சொமந்துட்டுப் போற ஃப்ரோடோகிட்ட அதப் புடுங்கப் பாக்கறான், சாவறது நவம்பர்ல வந்த ரெண்டாம் பாகத்தோட மொத அத்தியாயத்துல. அன்னிக்கு வாங்கிப் படிச்சவங்களுக்கு நடுவால மூணு மாசத்துக்கு மேல அவன் வெறும் துரோகியாத்தான் இருந்திருப்பான்.

இதுல எல்லாரும் தாண்டிப் போயிடற எடம் ஒண்ணு இருக்குது. மோதிரத்துக்குப் பாஞ்சுட்டு, அப்பறம் புத்தி வந்து அழுதுட்டு, கூட்டத்துக்குத் திரும்பி வர்றான்ல, வந்தவன் முழுசாச் சொல்றதில்ல. பேசுனேன், கோவம் வந்துருச்சு, அவன் மறஞ்சுட்டான், இப்படிப் பாதிதான் சொல்றான். கூட்டத்துக்குத் தலைவனா இருக்கற அரகோர்னுக்கு வெளங்கிப் போச்சு என்னமோ நடந்திருக்குதுன்னு, ஆனா நோண்டல. நீ என்ன பண்ணியோ எனக்குத் தெரியாது, இப்ப ஒதவி பண்ணு, அந்த ரெண்டு சின்னப் பசங்க பொறகால போயி அவங்களையாச்சும் காப்பாத்துங்கறான். வெசாரிக்காம ஒரு சோலியக் குடுத்து அனுப்பறான், அவ்வளவுதான். அந்தச் சோலியச் செஞ்சுதான் போரோமிர் சாவறான், சாவறப்பத்தான் மீதிப் பாதியும் வாயில வருது. அரகோர்ன் அவன்கிட்ட நீ தோக்கலடா ஜெயிச்சுட்டேங்கறான், அந்தக் கடைசிப் பேச்ச நெம்ப நாளைக்கு வெளிய உடவும் இல்ல.

அப்ப போரோமிரு செத்ததுனால மட்டுமா நமக்குப் புடிச்சுது? நம்பி ஒரு சோலி குடுக்க ஒருத்தன் இருந்தான், அதத்தான் நான் சொல்ல வர்றேன்.

இதுக்கு நேர் எதுத்தாப்ல கொல்லம். (ரயில் ஏறிப் போற கொல்லம் இல்லீங், மோதிரத்துக்கு அலையறவன்.) ஸ்மீகலா இருந்தப்ப பொறந்த நாளும் அதுவுமா சொந்தக் கூட்டாளி டீகலக் கொன்னுட்டு மோதிரத்த எடுத்தவன், அதுக்கப்பறம் நூத்துக்கணக்கான வருசம் இருட்டுலயே கெடந்தவன். இவனுக்கும் ஒரு நிமிசம் வருது. சிரித் உங்கோல்ங்கற மலைப் படிக்கட்டுல ஃப்ரோடோவும் அவன் கூடவே வர்ற சாமும் அசந்து தூங்கறாங்க, ஃப்ரோடோ தலை சாம் மடியில. கொல்லம் திரும்பி வர்றான், ஏற்கனவே அங்க இருக்கற ஒரு ராட்சசச் சிலந்திகிட்ட இவங்களக் கொண்டு உட ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வர்றான், வந்தவன் அவங்க தூங்கறதப் பாத்துட்டு நிக்கறான். மூஞ்சியில இருந்த அந்தப் பசி எறங்கிப் போகுது. மெதுவாக் கைய நீட்டி ஃப்ரோடோ முட்டியத் தொடறான். அந்த நேரத்துக்கு யாராச்சும் பாத்திருந்தா வயசாகிப் போயி ஓஞ்சு போன ஒரு கெழவனாத்தான் தெரிஞ்சிருப்பான். அப்பப் பாத்து சாம் முழிச்சுக்கறான், எங்கடா பதுங்கிப் பதுங்கித் திரியறேன்னு சுருக்குன்னு கேட்டுடறான். சரி நெகா தெரியாம பேசிட்டேன்ங்கற மாதிரி அப்பறம் கொஞ்சம் எறங்கியும் வர்றான் சாமு, ஆனா அது போச்சுங்க, திரும்பவே இல்ல.

டோல்கீன் ஒரு கடுதாசில மொத்தக் கதையிலயும் எனக்கு நெம்ப வெசனமான எடம் இதாத்தான் இருக்கும்னு எழுதியிருக்காரு. 2003ல வந்த மூணாவது படத்துல இந்த எடமே கெடையாது, அதுக்குப் பதிலா ரொட்டியத் தூக்கிப் போட்டு சாம் மேல பழி போடற மாதிரி மாத்திட்டாங்க. படம் நல்ல படம்தான், ஆனா இத எடுத்துட்டா கொல்லம் வெறும் கேடியாயிடறான், எனக்கு அதுல இன்னும் ஆத்தாமைதான்.

இங்க சாம் கெட்டவனா? இல்லவே இல்ல, அவன் மாதிரி ஒரு மனுசன் அந்தக் கதையிலயே கெடையாது. தூக்கக் கலக்கத்துல ஒரு வார்த்தை. யாரு வேணா சொல்லியிருப்போம்.

இப்ப நம்மூருக்கு வர்றேன். நம்ம பக்கம் ஒருத்தரு வாசல்ல காலு வெச்சா "வாங்"னு கேக்கோணும், அது பழக்கம். கேக்காம உட்டுட்டா வஞ்சத விட எச்சு. "வான்னு கூட ஒரு வார்த்தை கேக்கலயே"ன்னு இருவது வருசத்துக்கு முந்தி நடந்ததச் சொல்லிச் சொல்லி ஒறம்பரை அத்துக் கெடக்கற குடும்பம் எத்தனை பாத்திருக்கறோம். ஃபேண்டஸில திருந்தற கதையெல்லாம் எனக்கு இந்த ஒரு வார்த்தையிலதான் போயி நிக்குது. திருந்த வர்றவன் எவ்வளவு அழுவறான்ங்கறது அப்பறம். வாசல்ல நிக்கறப்ப யாரு வான்னு சொன்னாங்க, யாரு சொல்லல, அதப் பாருங்க மொதல்ல.

எங்கூட்லயே நடந்துது. எங்க சித்தப்பா எங்கப்பாவுக்குத் தெரியாம கெணத்துப் பங்க எழுதிக் குடுத்துட்டாரு, கடன் தொல்லைன்னு பின்னால தெரிஞ்சுது, ஆனா அப்ப எங்களுக்குத் தண்ணி போச்சு, ஒரு ஏக்கரா மஞ்சள் காஞ்சு போச்சு. பேச்சு வார்த்தை நின்னு ஒம்பது வருசம். ஒரு நாள் பொழுது எறங்கற நேரம் வந்து கட்டுத்தரைக்கு அக்கட்டாலயே நின்னுட்டு இருந்தாரு, உள்ள வர தெகிரியம் இல்ல. எங்காத்தா திண்ணையில உக்காந்து புளி கொட்டை எடுத்துட்டு இருந்துது, கண்ணு வேற செரியாத் தெரியாது, ஆனா நின்ன நெலையிலயே கண்டுபுடிச்சுருச்சு. "வா சாமி, கைகால் கழுவிட்டு வா, சோறு திங்கலாம்." அவ்வளவுதான், பழசப் பத்தி ஒரு எழுத்து கேக்கல. எங்கப்பா அன்னிக்கு எந்திரிச்சு தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு. அவரு வான்னு சொல்ல இன்னும் ஒண்ணரை வருசம் ஆச்சு.

நார்னியா மொத கதை, 1950ல வந்தது, அதுல எட்மண்டுக்கு நடக்கறது எங்காத்தா பண்ணுனதுதான். ஒரு டப்பா இனிப்புக்கும் ராசா ஆக்கறேன்ங்கற பேச்சுக்கும் அண்ணன் அக்கா தங்கச்சியக் காட்டிக் குடுத்தவன் அவன். மீட்டுக் கொண்டாந்ததுக்கு அப்பறம் அஸ்லான் சிங்கம் அவனத் தனியாக் கூட்டிட்டுப் போயி விடிகாலைப் பனியில நடந்துட்டே பேசுது. என்ன பேசுச்சுன்னு லூயிஸ் எழுதவே இல்ல. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. திரும்பி வந்து மத்தவங்ககிட்ட ஒப்படைக்கறப்ப, நடந்து முடிஞ்சதப் பத்தி இவன்கிட்ட யாரும் பேச வேண்டியதில்லைன்னு சொல்லுது. எட்மண்ட் ஒவ்வொருத்தருகிட்டயும் கையப் புடிச்சு ஸாரி சொல்றான், முடிஞ்சுது.

ஆனா எனக்குப் புடிச்சது அது கூட இல்லீங். 1954ல வந்த வேற ஒரு நார்னியா கதையில எட்மண்ட் பெரிய ஆளாயி ராசாவா இருக்கறான். எதிரி இளவரசன் ஒருத்தன் புடிபடறான், தலைய எடுத்தாலும் தப்பில்லைன்னு கூட இருக்கற ஒருத்தன் சொல்றான். அப்ப எட்மண்ட், துரோகி கூடத் திருந்தலாம், அப்படித் திருந்துன ஒருத்தன எனக்குத் தெரியும்னு சொல்லிட்டு ரோசனையா இருக்கறான். தன் பேரச் சொல்லல. அப்பத்தான் எனக்கு இவன் திருந்திட்டான்னே பட்டுது, எந்த வாசல்ல இவன் நின்னானோ அதே வாசல்ல இன்னொருத்தன் வந்து நிக்கறப்ப இவன் வாய்ல என்ன வருதுங்கறதுதானே கணக்கு. சாவறவனுக்கு இந்தப் பரிச்சையே கெடையாது பாருங்க, செத்துட்டா கேள்வித்தாளே வராது.

அவதார்ல வர்ற ஜூகோங்கற இளவரசன் கதையும் சொல்லியாகோணும். அவதார்னா நீலக்கலர் ஆளுங்க படம் இல்ல, 2005ல இருந்து 2008 வரைக்கும் வந்த கார்ட்டூன். சின்னப் பசங்க பாக்கறதுன்னு நெனச்சு ஒதுக்கிடாதீங்க, திருந்தறதப் பத்தி அதுல இருக்கற பாடம் வேற எதுலயும் இல்ல. ரெண்டாவது சீசன் கடைசீல திருந்தற மாதிரி வந்துட்டு, அத்தனை நாளு சோறு போட்டு வளத்த பெரியப்பா ஐரோவையே காட்டிக் குடுத்துட்டுப் பழையபடி அப்பன்கிட்ட ஓடிடறான். மூணாவது சீசன்ல புத்தி வந்து எதிரி கூட்டத்துல சேர வர்றான், வர்றதுக்கு முன்னாடி ஒரு தவளைக்கு முன்னால நின்னு எப்படி ஸாரி சொல்றதுன்னு ஒத்திகை பாக்கறான், சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுருச்சு எனக்கு. அவங்க தொரத்தி உடறாங்க. அப்பறம் சேத்துக்கிட்டாலும் அந்தக் கூட்டத்துல கட்டாராங்கற பொண்ணு மட்டும் ஒத்துக்கல, ஒரு அடி தப்பா வெச்சாலும் உன் கதைய நானே முடிச்சுருவேன்னு மொகத்துக்கு நேராச் சொல்றா. அவ மனசு எளக இன்னும் நாலு எபிசோடு ஆகுது. பெரியப்பாவப் பாக்கப் போறப்ப அவரு கூடாரத்துல தூங்கிட்டு இருக்காரு, இவன் ராத்திரி பூராவும் எழுப்பாம உக்காந்திருக்கான், விடிஞ்சு அவரு எந்திரிச்சதும் மன்னிப்புக் கேக்க ஆரம்பிக்கறான், பேசி முடிக்கறதுக்குள்ள இழுத்துக் கட்டிப் புடிச்சுக்கறாரு. எனக்கு உன் மேல கோவமே இல்ல, நீ வழி தவறிட்டியோன்னு வருத்தந்தான்ங்கறாரு. ஐரோ எங்காத்தா, கட்டாரா எங்கப்பா. ரெண்டும் வேணும் கதையில, ஒருத்தரு உடனே கட்டிப் புடிச்சு மத்தவங்களும் உடனே கட்டிப் புடிச்சா சீரியல் கடைசி நாளு மாதிரி ஆயிரும்.

சரி, ஹாரி பாட்டர் படிக்கற மந்திரப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஸ்நேப். இதுக்குத்தான் சண்டையே. அந்த ஆளு பண்ணுனத வரிசையாப் பாருங்க. ஒட்டுக்கேட்ட தீர்க்கதரிசனத்தக் கெட்ட மந்திரவாதி வால்டிமார்ட்கிட்டப் போயிச் சொன்னான். அது ஹாரியோட அம்மா லில்லி குடும்பத்தக் குறிக்குதுன்னு தெரிஞ்சதும் லில்லிய மட்டும் உட்டுருங்கன்னு கெஞ்சுனான், புருசனும் கைக்கொழந்தையும் எப்படிப் போனாலும் செரின்னு. அதக் கேட்டு பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் டம்பிள்டோரே அருவருப்பா இருக்குதுடான்னு சொல்லிட்டாரு. அதுக்கப்பறம் வருசக்கணக்கா உசுரக் கையில புடிச்சுட்டு ரெட்டை வேசம் போட்டான், அது சாமானியக் காரியம் இல்ல, யாராலயும் முடியாது. ஆனா அதே வருசங்கள்ல வகுப்புல நெவில்னு ஒரு பையன எந்த அளவுக்குப் போட்டுப் பாடாப் படுத்தியிருக்கான்னா, எதுக்கு நெம்பப் பயமோ அது மாதிரியே மாறி வர்ற ஒரு அலமாரிப் பூதம் அந்தப் பையனுக்கு ஸ்நேப்பாத்தான் வந்து நிக்குது. பெத்தவங்க ரெண்டு பேரும் சித்ரவதையில புத்தி பேதலிச்சு ஆஸ்பத்திரில கெடக்கற பையங்க அவன், அவனுக்கே வாத்தியார்தான் பெரிய பயம்.

ஹாரி தன் பையனுக்கு ஸ்நேப் பேர வெக்கறான், 2007ல வந்த கடைசிப் புஸ்தகத்துல. வெக்கட்டும், அது ஹாரியோட உரிமை, அவன் கடன் அவன் தள்ளுபடி பண்ணிக்கலாம். நெவிலுக்கு உண்டானத ஹாரி எப்படித் தள்ளுபடி பண்ணறது? ரசிகருங்க சண்டை போடறது இதுலதான்னு நெனைக்கறேன், ஒரு பக்கம் ஹாரி ரசீதக் காட்டறாங்க, இன்னொரு பக்கம் நெவில் பாக்கியக் காட்டறாங்க, ரெண்டு பேரு பக்கமும் நாயம் இருக்குது. ஸ்நேப் பிராயச்சித்தம் பண்ணுனான், திருந்துனானான்னா எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இத எழுதறப்பத்தான் எங்கம்மா ஞாபகம் வருது. அந்த மஞ்சள் காஞ்ச வருசம் போர் போட எங்கம்மா வளையல்தான் அடகுக்குப் போச்சு, திரும்பி வரவே இல்ல. சித்தப்பாவ ஆத்தா மன்னிச்சுது, அப்பறம் அப்பா மன்னிச்சாரு, ஊரே ஆகா அண்ணன் தம்பி ஒண்ணு சேந்துட்டாங்கன்னுது. அம்மாகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு மூணு வருசம் முன்னாடி நான்தான் கேட்டேன், உனக்கு அவரு மேல கோவம் போயிருச்சாம்மான்னு. "வந்தவனுக்குச் சோறு போட்டேன், அவ்வளவுதான்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. தம்பி, உங்க நாவல்ல அந்த வளையல் யாருது?

இன்னொரு வகை இருக்குது, தான் பண்ணுன தப்பையே மறந்துட்டவன். ப்ராண்டன் சாண்டர்சன் எழுதி 2017ல வந்த ஓத்பிரிங்கர்ங்கற நாவல்ல டாலினார்னு ஒரு தளபதி. படிக்காதவங்க இந்தப் பத்தியத் தாண்டிக்கோங்க, கதைய ஒடைக்கப் போறேன். கோவத்துல ஒரு ஊரையே கொளுத்தறான், அதுக்குள்ள அவன் சம்சாரமும் இருந்து எரிஞ்சு போறா. தாங்க முடியாமக் குடிச்சுச் சீரழிஞ்சு ஒரு தேவதைகிட்டப் போறான், அங்க அவன் நெனப்புல இருந்தே சம்சாரத்த எடுத்துடறாங்க, பேரு கூட ஞாபகம் இல்ல. அந்த மறதியிலதான் நல்ல மனுசனா மாறுறான், அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா நெனப்புத் திரும்புது. கடைசீல கெட்ட தெய்வம் வந்து, அதெல்லாம் உன் தப்பு இல்ல, நான் பண்ண வெச்சேன், அந்த வலிய எங்கிட்டக் குடுத்துருங்குது. எவ்வளவு சொகமான பேரம் பாருங்க. இவன் குடுக்க மாட்டேங்கறான், அது என்னோட வலிங்கறான். ஆயிரம் பக்கத்துக்கு மேல படிச்சது அந்த ஒரு எடத்துக்காகவே தகும். ஹாரி பாட்டர்ல கூட ஒடைச்ச ஆன்மாவத் திரும்ப ஒட்ட வெக்கறதுக்கு ஒரே வழி மனசார வருந்தறதுதான், அந்த வலியே ஆளக் கொன்னுரும்னு ஹாரியோட கூட்டாளி ஹெர்மயனி படிச்சுச் சொல்லுவா, யாரும் அத அவ்வளவாக் கண்டுக்கறதில்ல.

எல்லாம் வெள்ளக்காரன் கதையாவே சொல்றீங்களேன்னு கேக்காதீங்க, நம்மகிட்டயும் இருக்குது, நம்மூருலதான் ஃபேண்டஸின்னு பேரு வெக்காமயே ராத்திரி ராத்திரியா உடுக்கை அடிச்சுப் பாடியிருக்காங்களே. அண்ணமார் சாமி கதையில, பாடறவங்களுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சம் மாறும், நான் கேட்டதுல பாட்டன் காலத்துல பசு மாடு செத்த பாவத்துல வம்சத்துக்கே புள்ள இல்லாம போகுது. அதுக்குப் பரிகாரம் பண்றது யாரு? அந்தக் குடும்பத்துக்குக் கட்டிட்டு வந்த தாமரை. அவளுக்கும் அந்த மாட்டுக்கும் என்ன சம்மந்தம், ஒண்ணும் இல்ல, ஆனா வருசக்கணக்கா தவசு இருக்கறது அவதான். அப்பறம்தான் பொன்னரும் சங்கரும் தங்காளும் பொறக்கறாங்க. 1965ல ப்ரெண்டா பெக்ங்கற கனடா ஆராய்ச்சிக்காரம்மா காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துல தங்கி இந்தக் கதைய முழுசாப் பதிவு பண்ணி வெச்சாங்க, எடுத்துப் பாருங்க, மந்திரக் கிளி கொம்பன் பன்னின்னு உங்க நாவலுக்கு வேண்டிய அத்தனையும் கெடைக்கும். தப்பு பண்ணுனவன் ஒருத்தன், கடன் கட்டறவ இன்னொருத்தி. இது எட்மண்ட் கதையில கூட வேற மாதிரி வரும், அங்க அவனுக்குப் பதிலா சிங்கம் சாவும், இங்க மருமக நிப்பா.

சாவறது போதாதுங்கறதுக்கும் நம்மகிட்டயே சாட்சி இருக்குது. சிலப்பதிகாரத்துல பாண்டியன், நானே கள்வன்னு ஒத்துக்கிட்டு அரியணையிலயே வுழுந்து உசுர உட்டுடறான். அதுக்கு மேல என்ன வேணும், தீர்ப்பு சொன்ன ராசாவே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கிட்டான். அதோட மதுரை எரியாம நின்னுச்சா? நிக்கல. கடைசீல பொறுமையா விழா எடுத்துச் சாந்தி பண்ணி மழையப் பாத்தவங்கள்ல நம்ம கொங்கிளங்கோசரும் உண்டுன்னு அதுலயே வருது, நம்மூரப் பெருமையாச் சொல்லிக்க ஒரு சான்ஸு கெடைச்சா உடமாட்டேன்.

அதனால தம்பி, அண்ணன்காரன் ஈட்டிய வாங்கட்டும், நல்ல சீன் அது, எடுக்காதீங்க. ஆனா சாக உடாதீங்க. தோள்ல ஆழமாப் பாஞ்சு காயத்தோட பொழைச்சுக்கட்டும். பொழுது விடியட்டும். எரிஞ்ச பட்டறையில சாம்பலுக்குள்ள கல்லுமணி பொறுக்கிட்டு இருக்கட்டும், அவன் ஒரு கையால பொறுக்கறத ஊரு பாத்துட்டுத் தாண்டிப் போகட்டும். எங்க சித்தப்பா அப்படித்தான், மன்னிச்சுக்கோன்னு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல, ஆனா வருசா வருசம் கோடையில கெணத்துல தூர் எடுக்க ஆளுங்களுக்கு முன்னால வந்து எறங்கிருவாரு. ஒண்ணரை வருசம் கழிச்சு ஒரு நாள் சேத்தோட மேல ஏறி வந்தப்பத்தான் எங்கப்பா "வாடா, காப்பி குடிச்சியா"ன்னாரு.

அடுத்தது யாரு மொதல்ல பேசறதுன்னு பாத்துக்கோங்க. தம்பிதான் பேசுவான்னு எல்லாரும் எதிர்பாப்பாங்க, அதனால தம்பி வேண்டாம். உங்க நாலாவது அத்தியாயத்துல கோட்டை வாசல்ல புருசனப் பறிகுடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாமப் போற பொம்பள ஒருத்தி வர்றாளே, அதுக்கப்பறம் அவ என்ன ஆனான்னு நீங்களே மறந்துட்டீங்கன்னு நெனைக்கறேன். அவ வரட்டும், கையில ஒரு சொம்புத் தண்ணியோட. கூப்புடுவாளா, இல்ல சொம்ப அவன் கண்ணு படற எடத்துல வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம ஊட்டுக்குள்ள போயிருவாளா, எனக்குத் தெரியலீங், ரெண்டுமே நடக்கும். எழுதிப் பாத்துட்டு அந்த அத்தியாயத்த மட்டும் அனுப்பி உடுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்.